நண்பருக்காகக் கேட்டவர்

சிதம்பரம் மேலவீதியில் நான் வேலை பார்க்கும் கடையில், வைஃபையில் பாடும் ஸ்பீக்கர் விற்கிறோம். என்னிடம் அதை வாங்கிப்போன ஒருவர் மறுநாளே வந்தார். இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. பேசும்போது அவற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

"நேத்து வாங்குனது என் ஃபிரண்டுக்கு தம்பி. பாட்டு வரலியாம். எப்படி செட் பண்றதுன்னு கேட்டாரு."

ஆப்பை எப்படித் திறப்பது, பாஸ்வேர்டை எங்கே போடுவது என்று என் போனில் காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போனவர், இரண்டு நாளில் மறுபடி வந்தார். நண்பருக்குப் பிடிபடவில்லையாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "உங்க ஃபிரண்டையே கூட்டிட்டு வாங்க சார்" என்றேன், வேண்டுமென்றே.

அவர் கை பேனாவுக்குப் போனது. கடை வாசலில் இருந்த போர்டைப் பார்த்தார்.

"'குழந்தைகூட செட் பண்ணலாம்'னு எழுதிப் போட்டிருக்கீங்க. அதப் படிச்சிட்டு அவரு எந்த மூஞ்சிய வச்சிகிட்டு உள்ள வருவாரு?"

அந்த வரியை எழுதியவன் நான்தான்.

பிறகு அவர் வரவேயில்லை. விற்பனை நடப்பதால் முதலாளி போர்டைக் கழற்ற விடவில்லை. இப்போதெல்லாம் யாராவது "ஃபிரண்டுக்காகக் கேக்குறேன்" என்று ஆரம்பித்தால், நான் அவர் முகத்தைப் பார்க்காமல் சொல்லிக்கொடுக்கிறேன்.