கழனி மண்

இது கட்டிச் சொன்ன கதை இல்லை. சந்தேகம் இருப்பவர்கள் பெருங்களத்தூரில் குமரவேலைப் பார்த்துக் கேட்கலாம். நெற்றியை மட்டும் துடைத்துக்கொண்டே இருப்பார்.

முன்பு அவர் பேசாத மேடை கிடையாது. ‘பெருங்களத்தூரின் விடிவெள்ளி’ என்று தனக்குத் தானே பேனர் வைத்துக்கொண்டவர். வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் கும்பாபிஷேகம். முதல் பரிவட்டம் அவர் தலைக்கு. ஒரே இடைஞ்சல், வீட்டில் கிடந்த அப்பா முனிரத்தினம். அதற்குள் அவர் செத்துத் தொலைத்தால் தீட்டு. பரிவட்டம் எதிர்க்கோஷ்டிக்காரர் தலைக்குப் போய்விடும். ஆகவே எண்பத்தாறு வயது உடம்புக்குள் மெஷின் வைத்துக் காற்றை ஊதிக்கொண்டிருந்தார்கள். மூக்கில் ஒரு குழாய், தொண்டையில் ஒரு குழாய். முதுகுப் புண்ணில் சீழ். அந்த நாற்றத்தின் மேல் மல்லிகை ஸ்பிரே. இதற்கு ஊர் வைத்த பெயர் பிதுர் பக்தி.

அம்மா கங்கையம்மாள் கட்டிலை விட்டு நகரவில்லை. இப்படி இழுத்துக்கொண்டு கிடக்க விடாதே என்று, நினைவு இருந்தபோதே கிழவர் அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார். போகாமல் இழுக்கும் உயிருக்குச் சொந்த நிலத்து மண்ணைக் கரைத்து வாயில் ஊற்றுவது அவர்கள் வழக்கம். ஆசை அடங்கி உயிர் பிரியும்.

“கழனி மண்ணு ஒரு பிடி கொண்டாந்து குட்றா குமாரு. அவரு போவட்டும்.”

“வெள்ளிக்கிழம வரைக்கும் பொறுத்துக்கமா. பரிவட்டம் கட்டிகினு வந்துட்றேன். அப்பறம் உன் இஷ்டம்.”

கழனிக்கு எங்கே போவது? அதை விற்றாயிற்று; அதன் மேல்தான் இந்த அடுக்குமாடியே நின்றது. மண் எல்லாம் கார் நிறுத்தும் தளத்துக்கும் கீழே, கான்கிரீட்டுக்கு அடியில். இவர்கள் இருந்தது ஒன்பதாவது மாடி.

புதன்கிழமை மதியம் சேற்று வாசனை வந்தது. உழுத வயலில் தண்ணீர் பாய்ந்தால் வருமே, அது. பளிங்குத் தரையில் ஈரக் கால் தடங்கள்... கட்டில் வரைக்கும். மனைவி சுபத்ரா பினாயில் போட்டுத் துடைத்தாள். காய்வதற்குள் மறுபடி வந்தன. அன்றிலிருந்து அம்மா அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வியாழன். அறை வாசலில் சுபத்ரா வைத்த காபி டம்ளர் காலியாக இருந்தது. அடியில் கறுப்பாக வண்டல்...

குமரவேல் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தார். புஸ்... புஸ்... மெஷின் ஓடியது. அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்கியது. பக்கத்தில் அம்மா, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நாளை வரை தாங்கும். நிம்மதியாகச் சாத்தினார்.

வெள்ளி காலை பட்டு வேட்டியில் கிளம்பினார். வாசலில் அம்மா. அவர் நெற்றியில் விபூதி பூசினாள். விரல்கள் ஜில்லென்று இருந்தன.

“போய்ட்டு வா குமாரு. நாங்க கெளம்பிட்டோம்.”

கோயிலில் பரிவட்டம் ஏறியது. குருக்கள் அவர் முகத்தைப் பார்த்தார்.

“நெத்தியில என்ன சார்?”

தொட்டார். ஈரம்... குழைந்த களிமண். அதில் ஒரு நாற்று வேர்.

போன் அடித்தது. சுபத்ரா. அழுகை மட்டும்.

வீட்டில் டாக்டர் நின்றிருந்தார்.

“ரெண்டு பேருமே புதன்கிழமையே போயிட்டாங்க சார்.”

மெஷின் பிணத்துக்குள் ஊதிக்கொண்டிருந்தது. புஸ்... புஸ்...

இரண்டு வாயிலும் சேறு.

அம்மாவின் வலது கை அப்பாவின் கையைக் கோத்தபடி விறைத்திருந்தது. நான்கு பேர் சேர்ந்தும் பிரிக்க முடியவில்லை.

காலையில் குமரவேல் நெற்றியில் பூசியது அந்தக் கைதான்.