கஞ்சி வயலுக்கு உரம்

கரைத்தீவுப் பக்கம் இஸ்ஹாக்குக்கு ஒரு ஏக்கர் வயல். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரை விட்டு உடுத்த உடுப்போடு வந்தவர், கூலிக்கு நின்று நின்று வாங்கிய நிலம். அதை ஒட்டி இன்னொரு அரை ஏக்கர் கிடக்கிறது. யாரோ ஒரு நல்ல மனுசி பள்ளிவாசலுக்குத் தருமமாக வக்பு செய்துவிட்டுப் போனது. பன்னிரண்டு வருடமாக அதையும் இஸ்ஹாக்தான் விதைக்கிறார். ஒரு மணி நெல்லும் வீட்டுக்கு எடுக்கமாட்டார். அத்தனையும் ரமழானில் நோன்புக் கஞ்சிக்குப் போகும். ஊரில் அதற்குக் கஞ்சி வயல் என்றே பெயர்.

உரத்தைப் பள்ளி நிருவாகம் வாங்கிக் கொடுக்கும். இந்தப் பெரும்போகத்தில் பள்ளிக் கூரை வேலை வந்து, அவர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து உர மானியத்துக்குப் பெயர் பதிய, கமநல நிலைய உத்தியோகத்தர் ஜெயந்தன் வந்தார்.

"வரம்புக்கு அங்கால உள்ளது, நானா?"

"அது என்ட இல்ல தம்பி. அல்லாஹ்ட காணி."

ஜெயந்தன் ஒரு ஏக்கர் என்று எழுதிக்கொண்டு போனார். வங்கிக்கும் ஒரு ஏக்கருக்குத்தான் காசு வந்தது. இஸ்ஹாக்கின் பயிர் கறுத்து எழும்ப, கஞ்சி வயல் மஞ்சளித்து நின்றது.

மனைவி நஸ்லாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஹுனைஸ்ட வாப்பா, நெல்லுக்குத் தெரியுமா அது யார்ட காணியெண்டு? அதுக்கும் பசிக்கும்தானே. உங்கட பேர்ல பதிஞ்சா என்ன?"

"பதியலாம். நான் மவுத்தான பொறகு புள்ளைகள் அந்தக் காயிதத்தக் காட்டி எங்கட காணி எண்டா? பேர் எழுதினவனுக்குக் காணி போனத மன்னார்ல பாத்தனே."

"அப்ப புள்ளைகள்ட்டயே எழுதி வாங்குங்க. சந்தேகப்பட்டாச்சு, இனி என்ன வெட்கம்?"

அன்று பின்னேரமே எழுதினார்கள். கஞ்சி வயல் பள்ளியின் காணி, எங்களுக்கு அதில் ஒரு உரிமையும் இல்லை என்று. மூத்தவன் ஹுனைஸ் சிரித்துக்கொண்டு ஒப்பம் வைத்தான். "எங்களப் பத்தி நல்லாத்தான் நெனச்சிருக்கீங்க, வாப்பா."

இளையவன் அர்கம் பேனையை வாங்கினான். "கஞ்சியாவது குடிக்க விடுவீங்களா?"

மறுநாள் கஞ்சி வயலையும் தன் பேரில் பதிய இஸ்ஹாக் கமநல நிலையத்துக்குப் போனார். ஜெயந்தன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"நானா, பயிர் செய்யிறது யாரெண்டு தெரிஞ்சா எங்களுக்குப் போதும். காணி என்ட எண்டு கடிதம் கொண்டு வாறவங்களத்தான் இவ்வளவு நாளும் கண்டிருக்கன்."

"இருக்கட்டும் தம்பி. படிவத்தோட சேத்துக் குத்தி வைங்க. என்ட மனசுக்கு."

குத்தி வைத்தார். விடுபட்ட காணிகளின் திருத்தப் பட்டியல் வெள்ளிக்கிழமைதான் மேலிடத்துக்குப் போகவிருந்தது. நல்ல காலம்.

பத்து நாளில் காசு வந்தது. பயிர் கைவிட்டுப் போக முதல் வந்ததே அல்லாஹ்வின் கிருபை. யூரியா வாங்கி, விடிய சுபஹு தொழுத கையோடு பிஸ்மி சொல்லிக் கஞ்சி வயலுக்கு எறிந்தார் இஸ்ஹாக். பையின் அடியில் இரண்டு பிடி மிஞ்சியது.

தேத்தண்ணி கொண்டு வந்த நஸ்லா வரம்பில் நின்று சொன்னாள்: "மிச்சத்த எங்கட பக்கம் தட்டிவிடுங்களன்."

அவர் பையைக் கவிழ்த்துக் கஞ்சி வயலிலேயே உதறினார். பிறகு குனிந்து, அந்த வயல் தண்ணீரிலேயே இரண்டு கையையும் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் வரம்பைத் தாண்டித் தன் வயலுக்கு வந்தார்.