திரைக்கு அந்தப் பக்கம் சொன்ன பதில்

தேவராஜ மொஹல்லாவில் காய்கறி வாங்கித் திரும்பும்போது ஜட்கா வண்டி குடைசாய்ந்தது. என் இடுப்பு கல்லில் மோதியது. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் வலி பாதியாகக் குறைந்தது. குணமாகிறது என்று மகிழ்ந்தேன், மடச்சி.

ஆனால் இடுப்பைச் சுற்றிக் கயிறு இறுக்கியது போலிருந்தது. உட்காரும் இடம் மரத்துவிட்டது. சிறுநீர் இறங்கவில்லை. விழுந்தபின் இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே சொல்லுங்கள். தண்டுவடம் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றை) நசுங்கினால் இப்படித்தான் ஆகும்.

என் கணவர் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. அவரிடம் மூன்றையும் சொன்னேன்.

"டாக்டர் வந்ததும் சொல்லிடுங்க."

"சொல்றேன், நீ சும்மா இரு."

டாக்டர் கட்டிலை மறைத்த திரைக்கு அந்தப் பக்கம் நின்று, சிறுநீர் சரியாகப் போகிறதா என்று என்னைக் கேட்க வேண்டியதை அவரிடம் கன்னடத்தில் கேட்டார். அப்போது அதுதான் மரியாதை.

"மூத்ர சரியாகி ஹோகுத்தா?"

"எல்லா சரியாகிதெ, டாக்டர்."

எனக்குக் கன்னடம் அவரைவிட நன்றாகவே வரும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். அந்நிய ஆணிடம் பேசக் கூசி நானும் வாயை மூடிக்கொண்டேன். என்மேலும் எனக்குக் கோபம்தான், ஆனால் அவர்மேல் அதிகம்.

மூன்றாம் நாள் விரிப்பு மாற்றிய நர்ஸம்மா என் வயிற்றைத் தொட்டுப் பதறினாள்.

"அய்யோ, என்னம்மா இது, குடமாட்டம் இருக்கு!"

ரப்பர் குழாய் வைத்துச் சிறுநீர் எடுத்தார்கள். ஊசியால் குத்தியபோது வலது பாதத்துக்குத் தெரியவில்லை. முறிந்த எலும்பு நரம்பை அழுத்துவதை எக்ஸ்ரே காட்டியது. டாக்டர் சீறினார். இவர் தலைகுனிந்து, "பொம்பளைங்க சமாச்சாரம் சார், எப்படிச் சொல்றது?" என்றார். முந்தின நாளே தெரிந்திருந்தால் அந்தக் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். அந்த 'இருக்கலாம்' என்னை இன்னும் விடவில்லை.

மாவுக்கட்டோடு பலகையில் மாதக்கணக்கில் கிடந்தேன். இடது கால் திரும்பியது. வலது காலை இழுத்துத்தான் நடக்கிறேன்.

சிறுநீர் முட்டுவது இப்போது எனக்குத் தெரியாது. நாலு மணி நேரத்துக்கொரு முறை கடிகாரம் பார்த்துப் போக வேண்டும். எனக்குக் காலை, மாலையெல்லாம் போய்விட்டது; நாலு மணி நேரங்கள்தான் உண்டு. அதை அவர்தான் நினைவூட்டுகிறார், விருந்தாளிகள் இருந்தாலும்.

"மணியாச்சு, போயிட்டு வா."

நேற்று கேட்டேவிட்டேன்: "இந்த வாய் அன்னிக்கு எங்க போச்சு?"

அவர் எழுந்து வந்து தோளைக் கொடுத்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன்.