வெள்ளித்தாள் போர்வை விற்ற வருஷங்கள்

பிரிக்பீல்ட்ஸ் வெயிலில் நின்றுகொண்டு குளிருக்குப் போர்வை விற்பது லேசான வேலையில்லை. கடையில் நின்று கால் வீங்கியவர்களுக்கு அது புரியும். எண்பதுகளில் தொடங்கிப் பன்னிரண்டு வருஷம், மலையேறுகிறவர்களுக்கான சாமான் கடை ஒன்றில் நான் சேல்ஸ்மேன். கூடாரங்களுக்கும் முதுகுப்பைகளுக்கும் நடுவே, அவசரத்துக்கு உதவும் வெள்ளித்தாள் போர்வைகளும் இருக்கும். மடித்தால் சட்டைப்பையில் அடங்கும். விரித்தால் ஓர் ஆளையே சுற்றலாம்.

கினபாலு மலைக்குப் போன அங்கிள்

முதலில் வாங்கியவர் அரசாங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து அங்கிள். சுற்றிக்கொண்டால் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கும் என்று அளந்துவிட்டேன். அதுவரை நான் ஒன்றைப் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து வந்தார். மலையில் மழை பிடித்துக்கொண்டதாம். நனைந்த சட்டையோடு ஈரப் பாறையில் உட்கார்ந்து போர்வையைச் சுற்றியிருக்கிறார், நடுக்கம் நிற்கவில்லை. வழிகாட்டி வந்து, ஈரச் சட்டையைக் கழற்றச் சொல்லி, உலர்ந்த ஸ்வெட்டரைப் போடவைத்து, முதுகுப்பை மேல் உட்காரவைத்து, மறுபடி சுற்றிவிட்டாராம். அப்புறம்தான் உடம்பு வழிக்கு வந்தது. திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "தம்பி, இது சூடு தராது. நம்மகிட்ட இருக்கிற சூட்டை வெளிய விடாது, அவ்வளவுதான். அடுத்த ஆளுக்கு அதைச் சொல்லு."

காப்பார் மோட்டார் சைக்கிள்

காப்பாரில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்து வேலைக்கு விடியலில் மழையோடு மோட்டார் சைக்கிளில் போகிறவர் ஒருவர் வாங்கினார். முதல் நாள் வெளியே போர்த்திக்கொண்டு கிளம்ப, பெரிய ரோடு வருவதற்குள் காற்று நார்நாராகக் கிழித்துவிட்டது. இன்னொன்று வாங்க வந்தபோது, அதை மழைக்கோட்டுக்கு உள்ளே போடச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து எட்டிப்பார்த்தார். "குளிரு இல்ல பாஸ். ஆனா நான் நடந்தாலே சரசரன்னு, கெரோப்போக் அப்பளப் பாக்கெட் வருதுன்னு சிரிக்கிறானுங்க லா."

பண்டமாரான் ஆன்டி

பண்டமாரானிலிருந்து வந்த இவரை மறக்க முடியவில்லை. மகள் ஸ்காட்லாந்தில் நர்ஸ் படிப்பு. பயிற்சிக்குப் போக பஸ்ஸுக்கு நிற்கும்போது விரல் மரத்துப்போகிறது என்று கடிதம் எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தைக் கையிலேயே வைத்திருந்தார். வெளியே நிற்க இது போதுமா என்று கேட்டார். இந்த முறை நான் உண்மையைச் சொன்னேன்: முதலில் கம்பளிக் கோட்டு, கையுறை, இது வழியில் மாட்டிக்கொண்டால் உதவும், தினமும் போட அல்ல. அப்படியும் இரண்டு வாங்கினார். ஒன்று அனுப்ப. இன்னொன்று யாருக்கென்று நான் கேட்கவில்லை.

அடுத்த மாதம் கையுறை தேடி வந்தபோது அவரே சொன்னார். பகலில், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், ஃபேனை முழு வேகத்தில் வைத்து, அந்த இரண்டாவது போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஏன் ஆன்டி என்றேன். "என் பிள்ளை அங்க எப்படி நிக்கிறாள்னு தெரிஞ்சுக்கலாம்னு பார்த்தேன். வேர்த்துதான் போச்சு. அந்தக் குளிரு இங்க வரமாட்டேங்குது." என்னிடம் இருந்ததிலேயே தடிமனான கையுறையை எடுத்துக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

லிங்கம் கொண்டுபோனது

கூட வேலை பார்த்த லிங்கமும் நானும் ஒவ்வொரு வருஷமும் கினபாலு போகத் திட்டம் போடுவோம். ஒரு வருஷம் டிக்கெட்டே எடுத்துவிட்டோம். புறப்பட நான்கு நாள் இருக்கையில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று என் போர்வையை லிங்கத்திடம் கொடுத்தேன். போய்வா என்றேன். அவன் போன நாட்களில் அப்பாவுக்கு ஊட்டிவிடும்போதெல்லாம், இந்நேரம் எந்த உயரத்தில் இருப்பான் என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

திரும்பி வந்தவன் போர்வையைத் தரவில்லை. இறங்கும் வழியில் கால் பிசகி, மழையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை அதில் சுற்றி, தூக்குகிறவர்கள் வரும்வரை காற்றுப் படாமல் மறைத்து நின்றானாம். நல்ல காரியம் என்றேன். அவன் என் தோளில் கை வைத்தான். "உன் போர்வை மேல போய்ட்டு வந்துருச்சுடா. நீதான் இன்னும் போகல."

பன்னிரண்டு வருஷம் ஊருக்கெல்லாம் குளிரைத் தாங்க வழி சொன்ன எனக்கு, ஒரே ஒரு தடவை பல் கிட்டிக்க நடுங்க வேண்டும் என்பதுதான் இன்னும் ஆசை.