ஃபில்டருக்கு வைத்த சந்தனம்

போன வாரம் ஆயுத பூசை. எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர் தம் ஸ்கூட்டருக்கும் மிக்சிக்கும் சந்தனம் குங்குமம் வைத்தவர், கையை நிறுத்த முடியாமல் இரண்டு வீட்டுக்கும் பொதுவான வைஃபை பெட்டிக்கும் ஒன்று வைத்துவிட்டார். மறுநாள் காலை படியிறங்கி வந்து, "என்ன சார், நெட்டு ஸ்லோவா இருக்கு?" என்றார். "பொட்டைத் துடைங்க, சரியாயிடும்" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

பன்னீரில் குழைத்த சந்தனத்தின் வாசனை பலருக்குக் கல்யாணத்தை நினைவூட்டும். எனக்கு அது ஒரு ஃபில்டரை நினைவூட்டும்.

தஞ்சாவூரிலிருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில், வயல்களுக்கு நடுவே இருந்த பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். லேப் ஜன்னலைத் திறந்தால் நாற்றங்கால். மூடினால் கொசு. என்னுடன் பூங்கொடி என்ற விரிவுரையாளர் இருந்தார். கீழ்வேளூர்ப் பக்கம். அவருடைய அப்பா பிறர் நிலத்தில் நடவுக்குப் போய்க் கடைசியில் சொந்தமாக ஒன்றரை மா நிலம் வாங்கியவர். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் பூங்கொடி.

அவர் எடுத்துக்கொண்ட வேலை மைக்ரோவேவ் ஃபில்டர். பயப்பட வேண்டாம், எளிதானதுதான். குறைந்த அதிர்வெண்ணைப் போக விடும், ஒரு எல்லைக்கு மேல் போனதைத் தடுத்துவிடும். சர்க்யூட் போர்டின் மேல் தாமிரக் கோடு ஒன்று அகலமாக, ஒல்லியாக, மறுபடி அகலமாக ஓடும். பார்க்க வேறொன்றும் இராது. அந்த அகலக் கணக்கில்தான் சூட்சுமம். கணக்கோ போர்டு எதனால் ஆனது என்பதைப் பொறுத்தது. பூங்கொடி மாணவர்களிடம் இப்படிச் சொல்வார்: "ஒரே வாய்க்கா, ஒரே தண்ணி. களிமண்ணுல ஓடுறதும் மணல்ல ஓடுறதும் ஒண்ணாப்பா?" நான் கரும்பலகை நிறையச் சமன்பாடு எழுதியும் விளங்காதது அந்த ஒரு வரியில் விளங்கிவிடும். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அவர் இரண்டு போர்டுகளில் செய்தார். ஒன்று கடையில் கிடைக்கும் மலிவான பச்சைப் போர்டு. அது சிக்னலைக் கொஞ்சம் குடித்துவிடும். மற்றது வெளிநாட்டிலிருந்து வந்த டெஃப்லான் போர்டு. அதிகம் குடிக்காது. உள்ளங்கை அளவில் ஒரே துண்டு இருந்தது. கம்ப்யூட்டரில் சிமுலேஷன் ஓட்டி, அளக்கும்போது இரண்டுக்கும் கிராஃபில் எப்படிக் கோடு வர வேண்டும் என்று முன்கூட்டியே வரைந்து வைத்திருந்தார். ஒரு முறை ஓட முக்கால் மணி நேரம் ஆகும். "மேடம், கம்ப்யூட்டருக்கே வேர்க்குது, ஃபேனை அதுக்குத் திருப்புங்க" என்பார் லேப் உதவியாளர் பஷீர். தாமிரத்தை அரிக்கும் திரவம் பட்டு பூங்கொடியின் விரல் நுனியெல்லாம் பழுப்பு மஞ்சளாக இருக்கும். பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா ஒருவர், "மருதாணி சரியாப் பத்தலையேம்மா" என்று அனுதாபப்பட்டாராம்.

சென்னை ஆய்வகம் ஒன்றில் ஓர் ஆராய்ச்சி இடம் காலியாக இருந்தது. அங்கிருந்து ஒரு நிபுணர் நெட்வொர்க் அனலைசர் என்ற அளக்கும் கருவியை ஜீப்பில் வைத்துக்கொண்டு கல்லூரி கல்லூரியாக வந்துகொண்டிருந்தார். இரண்டு போர்டிலும் சிமுலேஷன் கோடும் அளந்த கோடும் ஒன்றோடொன்று படிந்தால் அந்த இடம் பூங்கொடிக்கு. எங்களுக்கு ஆயுத பூசைக்கு மறுநாள் காலை ஒதுக்கியிருந்தார்கள்.

இங்கே என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் ஆசிரியர் அறையின் பகுத்தறிவாளன். "ஆசிலாஸ்கோப்புக்கு எதுக்கய்யா குங்குமம், அதுக்கென்ன கண்ணேறா படப்போகுது?" என்று ஆண்டுதோறும் கேட்பவன். அந்த ஆண்டும் கேட்டேன். சந்தனம் கரைத்தவர் பஷீர். "நாகூர்க்காரனுக்கு சந்தனம் கரைக்கச் சொல்லித் தரணுமா?" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே, "சார் பக்கம் கொண்டு போகாதீங்கப்பா, நம்மள உக்காத்தி வச்சுப் பாடம் எடுத்துடுவாரு" என்றார்.

எல்லாரும் பொரியும் சுண்டலும் வாங்க முன்கூடத்துக்குப் போனார்கள். லேபில் நான் தனியாக இருந்தேன். கிண்ணத்தில் மிச்சச் சந்தனம். மேசைமேல் டெஃப்லான் ஃபில்டர். நாளைக்கு அந்தப் பெண்ணின் வாழ்க்கை இதில் இருக்கிறதே என்று மனசு அடித்துக்கொண்டது. சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு பொட்டு வைத்தேன். பச்சைப் போர்டுக்கு வைக்கவில்லை. உயர்ந்த பொருளுக்கு மட்டும், அதுவும் தாராளமாக. காலடிச் சத்தம் கேட்டது. பதறி, ஈரக் கைக்குட்டையால் அழுந்தத் துடைத்தேன். மேலே துடைத்த சந்தனம் போர்டின் முனையில் கேபிள் மாட்டும் கனெக்டருக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது. ஐப்பசி ஈரத்தில் அது ராத்திரியெல்லாம் காயவே இல்லை.

மறுநாள் பச்சைப் போர்டின் கோடு சிமுலேஷன்மேல் அச்சாகப் படிந்தது. அடுத்து டெஃப்லான். கோடு ஆரம்பத்திலேயே சரிந்தது. மலிவுப் போர்டைவிட மோசம். நான் குனிந்து பார்த்தேன். சந்தன வாசனை வந்தது.

"ஒரு நிமிஷம் சார், ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிட்டு இன்னொரு தடவை அளந்திடலாம்." நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். சொன்னால், பொட்டு வைத்தது யார் என்று கேட்பார்கள். பஷீர் சிரிப்பார். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன்.

"உங்க மாடல்லயே எங்கயோ தப்பு இருக்கும்மா. திரும்பப் போட்டுப் பாருங்க" என்று நிபுணர் கருவியைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். அந்த இடம் வேறொருவருக்குப் போயிற்று.

பூங்கொடி மூன்று மாதம் இல்லாத தப்பைத் தேடினார். ஒரு நாள், "சார், லீவு போட்டு சென்னைக்குக் கொண்டுபோய் நானே அளந்துட்டு வரேன்" என்றார். அன்று மாலை ஃபில்டரை பீரோவிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய், வெண்ணாற்றுப் பாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கித் தண்ணீரில் போட்டேன். துடைத்து வைத்திருக்கலாமே என்பீர்கள். துடைத்தால் அது ஒழுங்காக வேலை செய்யும். அப்புறம் அன்றைக்கு மட்டும் ஏன் கெட்டது என்ற கேள்வி வரும். பயந்தவனின் தர்க்கம் அப்படித்தான் போகும். மறுநாள் எல்லாரும் தேடியபோது நானும் தேடினேன். மேசைக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்தேன்.

பூங்கொடி ஃபில்டரை விட்டுவிட்டார். பல ஆண்டு கழித்து ஆன்டெனாவில் டாக்டர் பட்டம் வாங்கி, இப்போது திருச்சியில் பேராசிரியர். மாடிவீட்டுக்காரர் சிரித்துவிட்டுப் போன அன்றே பூங்கொடியை போனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எந்த முனை சார்? உள்ள போற பக்கமா, வெளிய வர்ற பக்கமா?"

ஞாபகமில்லை என்றேன்.

"நீங்களா பொட்டு வச்சீங்க?" என்றார். சிரிப்பு வந்தது, அதை அடக்கிக்கொண்டார். பிறகு குரல் மாறியது. "இத்தன வருசமா அந்தக் கணக்குல எங்க தப்புப் பண்ணேன்னு யோசிச்சிருக்கேன் சார். ரயில்ல போறப்பல்லாம் போட்டுப் பாப்பேன்."

"உன் கணக்கு சரிம்மா."

"அந்த போர்டு இருந்தா எடுத்துட்டு வாங்க. இங்க அனலைசர் இருக்கு. துடைச்சிட்டு ஒரே ஒரு தடவை பாத்துடலாம்."

வெண்ணாற்றைச் சொன்னேன். "எந்த எடத்துல சார்?" என்றார். பாலத்துக்கு நடுவில், இப்போது அந்தப் பாலத்தையும் இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள் என்றேன். "நல்லா எடம் பாத்துத்தான் போட்டிருக்கீங்க" என்றார்.

லேப் இருந்த அறையில் இப்போது நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பஷீர் போய்ச் சேர்ந்துவிட்டார், சிரிக்க அவர் இல்லை. ஆற்றில் போனது போக என்னிடம் மிச்சமிருந்தது, அந்தக் காலப் பிரிண்டரில் எடுத்த சிமுலேஷன் கோடு, ஒரே ஒரு தாள். அதன் ஓரத்தில், "கணக்கு சரியாக இருந்தது. தப்பு என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு நேற்று திருச்சிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். நல்ல விஷயம் எழுதி அனுப்பும் உறை என்றால் மூலையில் மஞ்சள் தடவுவது எங்கள் வீட்டு வழக்கம். நான் தடவவில்லை.