ஜப்பான் நாவலில் வந்த கரியடுப்பு

பகாவ் ஊருக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கிறேன். ஜப்பானில் நடக்கும் மர்ம நாவல் ஒன்றை ஞாயிறுதோறும் லயத்தில் குடியிருக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கு வாசித்துக் காட்டினேன். அதில், சாத்திய அறைக்குள் கரியடுப்பின் நச்சுக் காற்றால் ஒருவன் சாகிறான்.

"கரி அனல்ல யாராச்சும் சாவாங்களா, கிராணி ஐயா? எழுதினவன் சும்மா புளுகுறான்," என்றார் கங்காணி. எனக்கும் அப்படித்தான் பட்டது.

மறுவாரம் ஓயாத மழை. பிள்ளை பெற்றிருந்த என் மனைவி, இங்குள்ள பிரசவ வழக்கப்படி குளிருக்காகக் கட்டிலடியில் கனலும் கரிச்சட்டியை வைத்து, கதவையும் சன்னலையும் சாத்திப் படுத்திருந்தாள். மத்தியானம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும், "தலை சுத்துதுங்க, எழுந்திரிக்க முடியல," என்று முனகினாள். குழந்தை அசைவில்லாமல் கிடந்தது. நாவல் சட்டென்று நினைவுக்கு வர, இருவரையும் வாசலுக்குத் தூக்கி வந்தேன். சற்றுப் பொறுத்துக் குழந்தை வீறிட்டு அழுதது; அவளுக்கும் தலைசுற்றல் தெளிந்தது.

நாவலின் முடிவு சுமார்தான் என்பது என் அபிப்பிராயம். ஆனாலும், பிள்ளை பெற்ற வீடு எதுவானாலும் இப்போது நானே போய் அந்த அத்தியாயத்தை வாசித்துக் காட்டிவிட்டு வருகிறேன்.