பிரேக்கில் இருந்த கால்

நேதாலாவைச் சேர்ந்த குந்தன் சிங் ராணா இருபத்தொன்பது வருடம் கங்கோத்ரி சாலையில் பேருந்து ஓட்டியவர். கடைசி வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள் முற்பகல், பட்வாரி ஊரைத் தாண்டி ஒரு வளைவில் திரும்பும்போது மலைமேலிருந்து பாறை ஒன்று உருண்டு வந்து வண்டியின் நடுவில் மோதியது. பேருந்து சறுக்கிக்கொண்டே போய்ச் சாலை விளிம்பில் நின்றது. இடது முன்சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. நேர் கீழே பாகீரதி ஆறு.

வண்டியில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். படி இருந்த பக்கம் பள்ளம். குந்தன் சிங் பிரேக்கை அழுத்தி மிதித்தபடி, தலையைத் திருப்பாமல், "யாரும் முன்னாடி வராதீங்க. பின்ஜன்னலை உடைச்சு ஒவ்வொருத்தரா இறங்குங்க" என்றார். குழந்தைகள், கிழவிகள், மூட்டைகள் என்று எல்லோரும் இறங்கி முடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பிறகு சாலைப்பணி புல்டோசர் வந்து, இரும்புக் கயிறு கட்டி வண்டியைப் பின்னுக்கு இழுத்தது. அதுவரை அவர் இருக்கையை விட்டு அசையவில்லை.

உத்தரகாசியில் அவருக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். செய்தித்தாளில் படம் வந்தது. பேருந்து நிலையத்து டீக்கடையில் ஜெய்பால் என்ற பழைய நடத்துனர் அந்தக் கதையைத் தினமும் சொன்னான். ஒவ்வொரு முறையும் பள்ளம் இன்னும் கொஞ்சம் ஆழமாயிற்று.

ஒன்பதாம் நாள் குந்தன் சிங் மறுபடி வண்டியில் ஏறி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் இரண்டு கைகளும் நடுங்கின. இறங்கிவிட்டார். முதுகுவலி என்று எழுதிக் கொடுத்து வேலையை விட்டார். எல்லோரும் நம்பினார்கள். மனைவி சுரேஷியும் நம்பினாள், அல்லது நம்பியதுபோல் காட்டிக்கொண்டாள். டீயை அரைக் கிளாஸுக்கு மேல் அவள் ஊற்றித் தருவதில்லை என்பதை அவர் கவனித்திருந்தார்.

வீட்டில் ஒரு பசு இருந்தது. ஆற்றங்கரையில் இருந்த சிறிய குடிலுக்குக் காலையில் பால் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலையாயிற்று. குடிலில் இருந்தது ஒரு பெண் துறவி. முப்பத்தெட்டு வயது. வார்தா பக்கத்துப் பெண். ஒரு காலத்தில் பள்ளியில் கணக்கு டீச்சர். அவருடைய குரு இரண்டு வருடம் முன்பு காலமான பிறகு தனியாகவே இருந்தார். ஊரில் எல்லோரும் மாதாஜி என்பார்கள். குந்தன் சிங்கின் மூத்த மகளுக்கும் அவருக்கும் நாலைந்து வயதுதான் வித்தியாசம்.

முதல் நாள் பால் ஊற்றும்போது பாதி தரையில் போயிற்று. மாதாஜி அதைத் துணியால் துடைத்தார். மறுநாளும் சிந்தியது. மூன்றாம் நாள் சொம்புக்குப் பதிலாக அகலமான பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு மாதம் கழித்து குந்தன் சிங்கே கேட்டார்.

"மாதாஜி, யோகாவுல இதுக்கு ஏதாவது இருக்கா?"

"எதுக்கு?"

அவர் கைகளை நீட்டிக் காட்டினார். அந்த வருடத்தில் அவர் வேண்டுமென்றே ஒருவருக்குக் கையைக் காட்டியது அதுதான் முதல் தடவை.

"இதை நீங்க பாத்திருக்கீங்களா, ராணாஜி?"

"பாக்காம? நாள் பூரா இதே ரோதனைதானே."

"மறைச்சிருக்கீங்க. பாத்திருக்கீங்களான்னு கேட்டேன். நாளையிலேருந்து பாலைக் குடுத்துட்டு இங்க பத்து நிமிஷம் உக்காருங்க. கையை மடியில வச்சுக்கங்க. நடுங்கட்டும். மூச்சு பாட்டுக்கு மூச்சு, நடுக்கம் பாட்டுக்கு நடுக்கம். நிறுத்தப் பாக்காதீங்க."

"நிறுத்தணும்னுதானே வந்தேன்."

"நிக்கும்னு நான் சொல்ல மாட்டேன். நிக்கலாம், நிக்காமலும் போகலாம்."

இது என்ன வைத்தியம் என்று அவருக்குக் கோபம் வந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்தார். கவனிக்க ஆரம்பித்ததும் நடுக்கம் அதிகமானதுபோல் இருந்தது. மூன்று வாரம் சுரேஷியிடம் பாலைக் கொடுத்தனுப்பினார். நாலாவது வாரம் அவளே பால் தூக்கை அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்களே போங்க. அந்த அம்மா உங்களைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. ஆனா தினமும் திண்ணைமேல இருக்குற பாயை மட்டும் எடுக்காம வச்சிருக்கு."

அவர் போனார். பாய் அங்கேயே இருந்தது. உட்கார்ந்தார்.

ஜெய்பால் சும்மா இருப்பானா? அவரை அண்ணன் முறையில் பைஜி என்பான். "என்ன பைஜி, மக வயசுல குருவா? தலைகீழா நிக்கக் கத்துக் குடுத்தாச்சா?" என்றான்.

"இன்னும் நேரா உக்காரவே வரலடா" என்றார் குந்தன் சிங். உண்மையைத்தான் சொன்னார்.

ஜெய்பாலின் கேலி விரைவிலேயே வேறு பக்கம் திரும்பியது. ஒரு நாள் பக்கவாதம் வந்த உறவினர் ஒருவரைக் குதிரையில் ஏற்றிக் குடிலுக்கே கூட்டி வந்துவிட்டான். குந்தன் சிங்கின் கையை மாதாஜி குணமாக்கிக்கொண்டிருக்கிறார் என்று எங்கிருந்தோ பிடித்திருந்தான். மாதாஜி அவர்களிடம் பக்குவமாகப் பேசி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அனுப்பிவிட்டு குந்தன் சிங்கைப் பார்த்து, "நான் குணமாக்குறேன்னு யார்கிட்ட சொன்னீங்க? அந்த மனுஷன் எவ்வளவு ஆசையா வந்தார் தெரியுமா?" என்று சத்தம் போட்டார். அவர் பால் தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அன்று மாலையே மாதாஜி மேடேறி அவர் மாட்டுக் கொட்டிலுக்கு வந்து நின்றார். "விசாரிக்காம கோபப்பட்டுட்டேன், ராணாஜி. மன்னிச்சுக்கங்க" என்று குனிந்தார். காலைத் தொட வருகிறார் என்று தெரிந்ததும் குந்தன் சிங் பதறிப்போய்ப் பசுவுக்குப் பின்னால் ஒதுங்கினார். சுரேஷி சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகுதான் அவரால் அதைச் சொல்ல முடிந்தது. பனி விழ ஆரம்பித்த ஒரு காலை, பத்து நிமிடம் முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

"அன்னிக்கு நான் தைரியமா உக்காந்திருக்கல, மாதாஜி."

மாதாஜி பால் பாத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"என் பக்கத்துக் கதவு மலைப்பக்கம்தான். நல்லாத் திறக்கும். பாறை விழுந்ததுமே குதிச்சிடலாம்னுதான் பாத்தேன். பின்னாடி இறங்குங்கன்னு வாய்தான் சொல்லுச்சு, ஜனங்களை நினைக்கவே இல்ல. என் பொண்டாட்டி புள்ளையக்கூட நினைக்கல. ஆனா கால் பிரேக்கை விட்டு வரல. மரத்துப் போயிருந்துச்சு. கடைசி வரைக்கும் எடுக்கத்தான் பாத்தேன். அதுக்குப் போயி மாலை போட்டாங்க."

அவர் கைகள் மடியில் துடித்தன. மாதாஜி அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பத்தொரு பேருக்கும் உங்க கால் போதுமா இருந்துச்சு, ராணாஜி. உங்க மனசும் வரட்டும்னு அவங்க யாரும் காத்திருக்கல."

குந்தன் சிங் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். எவ்வளவு நேரம் அழுதார் என்று அவருக்கே தெரியவில்லை. மாதாஜி எழுந்து போய்ப் பாலைக் காய்ச்சி, ஒரு கிளாஸ் நிறைய ஊற்றி அவர் பக்கத்தில் வைத்தார். பாதி சிந்தியது. மீதியைக் குடித்தார். அன்றைக்கே வீட்டுக்குப் போய் சுரேஷியிடமும் சொன்னார். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "ஓடிப் போயிருந்தா மட்டும் உங்களை வீட்டுல சேத்திருக்க மாட்டேனா?" என்றாள்.

இரண்டு வருடம் போயிற்று. நடுக்கம் சில நாள் இருந்தது, சில நாள் இல்லை. அவர் அதைக் கணக்குப் பார்ப்பதை விட்டிருந்தார்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை பாலோடு போனபோது மாதாஜி கையில் போனை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். வார்தாவிலிருந்து தம்பி பேசியிருக்கிறான். அப்பா படுத்துவிட்டார், ஒரு வாரம் தாங்கினால் அதிகம். சந்நியாசம் வாங்கிப் பதினான்கு வருடமாகப் பார்க்காத அப்பா.

"துறவு வாங்குறப்போ செத்தவளா நினைச்சு எனக்கு நானே பிண்டம் வச்சவ. மகளுங்கிற உறவு அன்னிக்கே முடிஞ்சுது" என்றார். "குருஜி இருந்தா போகலாமான்னு கேட்டிருப்பேன். இப்ப யாரைக் கேக்குறது?"

குந்தன் சிங் வானத்தைப் பார்த்தார். "அதெல்லாம் வழியில யோசிச்சுக்கலாம், மாதாஜி. மண்ணு சரியறதுக்குள்ள கிளம்பணும்."

எந்த டாக்ஸிக்காரனும் வரத் தயாராக இல்லை. முந்தைய நாள்தான் தராசு ஊருக்கு முன்னால் சாலை பாதி போயிருந்தது. ஜெய்பாலிடம் ஒரு பழைய ஜீப் இருந்தது. குந்தன் சிங் போய்ச் சாவியைக் கேட்டார். ஜெய்பால் அவர் முகத்தைப் பார்த்தான். எப்போதும் இருக்கும் கேலியைக் காணோம். "டீசல் இருக்கு பைஜி. வைப்பர் மட்டும் அப்பப்போ நிக்கும், கையால தட்டி விடணும்" என்றான்.

மாதாஜி பின்னால் உட்காராமல் அவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். வண்டி கிளம்பியதும் ஸ்டியரிங்கில் இருந்த கைகள் நடுங்கின. இருவரும் பார்த்தார்கள். கை நடுங்கிக்கொண்டே திருப்பியது, நடுங்கிக்கொண்டே கியர் மாற்றியது.

சாலை சரிந்திருந்த இடத்துக்கு வந்ததும் அவர் வண்டியை நிறுத்தி இறங்கினார். மழையில் நின்று மேலே பார்த்தார், கீழே பார்த்தார். ஒரு ஜீப்பின் அகலத்துக்குமேல் ஒரு முழம் மிச்சம் இருந்தது. திரும்பி வந்து மாதாஜி பக்கத்துக் கதவைத் திறந்தார்.

"இறங்குங்க. அந்தப் பக்கம் வரைக்கும் மலையை ஒட்டி நடந்து போங்க. வண்டியை நான் கொண்டு வர்றேன்."

"நானும் வண்டியிலேயே வர்றேன், ராணாஜி. போனா ரெண்டு பேரும் போவோம்."

"பாயில உக்காந்தா நீங்க சொல்றதை நான் கேக்குறேன். வண்டியில நான் சொல்றதுதான். இறங்குங்க."

மாதாஜி ஒரு கணம் அவரைப் பார்த்தார். பிறகு இறங்கி, காவித் துணியை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் நடந்து போனார். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. குந்தன் சிங் முதல் கியரில், நடக்கிற வேகத்தைவிட மெதுவாக ஜீப்பைக் கொண்டுவந்து அந்தப் பக்கம் சேர்த்தார். இந்த முறை கால் அவர் சொன்னதைக் கேட்டது. கடந்ததும் பின்னால் கூழாங்கற்கள் சரிகிற சத்தம் கேட்டது.

தலையிலிருந்து நீர் வடிய மாதாஜி ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் அழ ஆரம்பித்தார். டேராடூன் வரும்வரை விட்டு விட்டு அழுதார். வைப்பர் நின்றபோதெல்லாம் குந்தன் சிங் கையை வெளியே நீட்டித் தட்டி விட்டார். விமான நிலைய வாசலில் சுரேஷி கட்டிக் கொடுத்த கேழ்வரகு ரொட்டிப் பொட்டலத்தை நீட்டினார்.

"இதை உள்ள விடுவாங்களான்னு தெரியல. விடலைன்னா வாசல்லயே நின்னு சாப்பிட்டுப் போங்க."

மாதாஜி இருபது நாள் கழித்துத் திரும்பி வந்தார். அப்பா பதினோரு நாள் இருந்தாராம்.

"அடையாளம் தெரிஞ்சுதா மாதாஜி?"

"முத ரெண்டு நாள் தெரியல. நர்ஸுன்னு நினைச்சுக்கிட்டார். மூணாவது நாள், 'டீச்சர் வேலையை விட்டுட்டியா?'ன்னு கேட்டார். 'இல்லப்பா, ஒரு பையன் வர்றான், கணக்கு வராது, ஆனா லீவு போடாம வர்றான்'னேன்." மாதாஜி சிரித்தார். "வயசைக் கேட்டார். அம்பத்தெட்டுன்னு சொன்னேன். எவ்வளவு நேரம் சிரிச்சார் தெரியுமா. மூச்சு வாங்கிடுச்சு."

குந்தன் சிங்கும் சிரித்தார்.

இப்போது குந்தன் சிங்குக்கு அறுபத்து மூன்று வயது. பேருந்துக்கு அவர் திரும்பவில்லை. ஜெய்பாலின் ஜீப் பெரும்பாலும் அவர் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. மேட்டு ஊர்களில் யாருக்காவது பிரசவ வலி என்றால் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். கை நடுங்குகிறதே என்று புதிதாக வருபவர்கள் பயப்பட்டால், "அது பாட்டுக்கு நடுங்கும், நீங்க ஏறுங்க" என்கிறார். மாதாஜி குளிர்காலத்தில் வார்தா போய்த் தாயாரோடு இரண்டு மாதம் இருந்துவிட்டு வருகிறார். அந்த இரண்டு மாதமும் குடிலின் சாவி குந்தன் சிங்கிடம் இருக்கும். அவர் காலையில் போய்க் கதவைத் திறந்து, கூட்டிப் பெருக்கி, பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருவார்.